தானியத்தில் இருக்கும் இரும்பும் துத்தநாகமும்: அட்டவணையில் உள்ளது எவ்வளவு, உடம்பில் சேர்வது எவ்வளவு?

விடுதிச்சமையல் கேட்டது:

வணக்கம். கல்லூரிப் பெண்கள் விடுதி ஒன்றுக்கு உணவுப் பட்டியல் தயாரிக்கிறேன். இப்போது ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 400 கிராம் தீட்டிய அரிசி செலவாகிறது. சோறு, இட்லி, தோசை எல்லாம் இதில் அடக்கம். சிறுதானியம் இல்லை. இதில் 100 கிராமைக் கேழ்வரகுக்கோ கம்புக்கோ மாற்றலாம் என்று யோசனை.

சந்தேகங்கள்:

1. இந்த மாற்றத்தால் இரும்பும் துத்தநாகமும் உண்மையில் எவ்வளவு கூடும்?
2. சாமையில் 100 கிராமுக்கு 9.3 மில்லிகிராம் இரும்பு என்று ஓர் அட்டவணை சொல்கிறது, 1.3க்கும் குறைவு என்று இன்னொன்று சொல்கிறது. எதை எடுத்துக்கொள்வது?
3. தானியத்தில் இருக்கும் பைட்டேட் என்ற பொருள் தாதுக்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்கிறார்கள். முளைகட்டுவது, புளிக்கவைப்பது, ஊறவைப்பது இவற்றில் எது பெரிய சமையலறைக்குச் சரிவரும்?
4. செலினியம், மாங்கனீசு, தாமிரம், அயோடின் இவற்றுக்கும் கணக்குப் பார்க்க வேண்டுமா?

---

தட்டும்தராசும் எழுதியது:

முதல் கேள்விக்குக் கணக்கே போட்டுவிடலாம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவுக் கலவை அட்டவணைப்படி 100 கிராமுக்கு (மில்லிகிராமில்):

தீட்டிய பச்சரிசி: இரும்பு 0.65, துத்தநாகம் 1.21
கேழ்வரகு: இரும்பு 4.62, துத்தநாகம் 2.53
கம்பு: இரும்பு 6.42, துத்தநாகம் 2.76
கோதுமை மாவு: இரும்பு 4.10, துத்தநாகம் 2.85

400 கிராம் அரிசியில் இரும்பு 2.6, துத்தநாகம் 4.8. அதில் 100 கிராமைக் கேழ்வரகாக்கினால் இரும்பு 6.6, துத்தநாகம் 6.2. கம்பாக்கினால் இரும்பு 8.4, துத்தநாகம் 6.4.

அதே நிறுவனத்தின் 2020 பரிந்துரையின்படி வயதுவந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு இரும்பு 29, துத்தநாகம் 13.2 மில்லிகிராம் வேண்டும். அதாவது அரிசி மட்டும் இருந்தால் தானியத்திலிருந்து இரும்புத் தேவையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. கம்பு சேர்ந்தால் கால் பங்கைத் தாண்டும். துத்தநாகம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலிருந்து பாதிக்குப் பக்கத்தில் வரும். ஒரே ஒரு தானியத்தை மாற்றுவதற்கு இது பெரிய பலன்தான். மிச்சம் பருப்பு, கீரை, முட்டை, மீன் இவற்றிலிருந்து வர வேண்டும்.

சோற்றுக்குக் கைக்குத்தல் அரிசியையும் பரிசீலியுங்கள். அதில் இரும்பு 1.02, துத்தநாகம் 1.68.

தேநீர், காபி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். சாப்பாட்டோடு குடித்தால் இரும்பு சேர்வது பாதிக்கும் கீழே போகும். காலை உணவுக்கு ஒரு மணி நேரமாவது கழித்துக் கொடுக்கும்படி நேரத்தை மாற்றினாலே பலன் தெரியும், செலவும் இல்லை.

---

முளைப்பாரி எழுதியது:

மேலே உள்ள கணக்கு சரி. கைக்குத்தல் அரிசியில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அதே அட்டவணையில் பைட்டேட் அளவும் இருக்கிறது. 100 கிராமுக்குத் தீட்டிய அரிசியில் சுமார் 266 மில்லிகிராம், கைக்குத்தலில் 742, கோதுமை மாவில் 632, கம்பில் 485, கேழ்வரகில் 306.

துத்தநாகம் எவ்வளவு சேரும் என்று பார்க்க மோல் விகிதம் போட வேண்டும், அதாவது எடையை விட்டு மூலக்கூறுகளின் எண்ணிக்கையை ஒப்பிட வேண்டும். பைட்டேட்டை 660ஆல் வகுங்கள், துத்தநாகத்தை 65.4ஆல் வகுங்கள், முதல் விடையை இரண்டாவதால் வகுங்கள். 15க்கு மேல் வந்தால் துத்தநாகம் சரியாகச் சேராது, 5க்கும் 15க்கும் நடுவில் சுமார், 5க்குக் கீழே நல்லது.

தீட்டிய அரிசி 22. கைக்குத்தல் 44. கோதுமை மாவு 22. கம்பு 17. கேழ்வரகு 12.

கைக்குத்தலில் துத்தநாகம் நாற்பது சதவீதம் கூடுகிறது, அதைப் பூட்டிவைக்கும் பைட்டேட்டோ மூன்று மடங்காகிறது. நார்ச்சத்துக்கும் பி வைட்டமின்களுக்கும் கைக்குத்தல் நல்ல அரிசி. துத்தநாகத்துக்காக அதை வாங்குவது வீண் செலவு. நெல் தண்ணீரிலிருந்து எடுக்கும் ஆர்செனிக்கும் தவிட்டில்தான் அதிகம் தங்கும்.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. மனிதருக்குத் துத்தநாகக் குறைபாடு வரும் என்று உலகம் கவனித்ததே 1960களின் தொடக்கத்தில், ஈரானின் ஷிராஸ் நகரத்தை ஒட்டிய கிராமங்களில்தான். வளர்ச்சி நின்று, பருவமடைதல் தள்ளிப்போன இளைஞர்களை ஆனந்த பிரசாத் என்ற மருத்துவர் அங்கே ஆராய்ந்தார். அவர்களுடைய உணவில் பெரும்பகுதி புளிக்கவைக்காத கோதுமை ரொட்டி. மண் தின்னும் பழக்கமும் இருந்தது. கோதுமையில் துத்தநாகம் இருக்கத்தான் செய்தது. உடம்பு அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. பைட்டேட்டை உடைக்கும் பைட்டேஸ் என்ற நொதி தானியத்துக்குள்ளேயே இருக்கிறது. அது வேலை செய்ய ஈரம் வேண்டும், லேசான புளிப்பு வேண்டும் (பிஎச் 5 முதல் 5.5), 45 முதல் 55 டிகிரி வரை சூடு இருந்தால் இன்னும் வேகம். கொதித்தால் செத்துவிடும். செய்முறைத் தவறுகள் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தை மறப்பதால்தான் வருகின்றன.

கூழையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் கேழ்வரகு மாவை முதல்நாள் மாலையே கரைத்துவைத்து, புளித்த கரைசலை மறுநாள் நொய்யோடு சேர்த்துக் கிண்டுவார்கள். பச்சை மாவு புளிக்கும் அந்தப் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் நொதி உயிரோடு இருக்கிறது, பைட்டேட் உடைகிறது. இப்போது பல சமையலறைகளில் மாவை நேராகக் கொதிநீரில் கொட்டிக் கிண்டி, அதன்பின் இரவு முழுக்க வைக்கிறார்கள். புளிப்புச் சுவை வந்துவிடும். தானியத்தின் நொதி அடுப்பிலேயே போய்விட்டது, மிஞ்சுவது கிருமிகள் செய்யும் கொஞ்ச வேலைதான். ஆகவே கிண்டுவதற்கு முன் புளிக்க விடுங்கள்.

பெரிய சமையலறைக்கு அளவு: 5 கிலோ மாவுக்கு 10 லிட்டர் வெதுவெதுப்பான நீர், முந்தைய நாள் எடுத்துவைத்த புளித்த கரைசல் அரை லிட்டர். கட்டியில்லாமல் கரைத்து, மூடி, 10 முதல் 12 மணி நேரம். வெயில் காலத்தில் 8 மணி நேரம் போதும். மோர் ஊற்றிப் புளிக்கவைப்பதைத் தவிருங்கள், கால்சியம் இரும்போடு போட்டிபோடும். கேழ்வரகிலேயே 100 கிராமுக்கு 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது.

முளைகட்டுவது இதைவிடப் பலன் தரும், வேலையும் அதிகம். கேழ்வரகை மூன்று நான்கு தண்ணீரில் கழுவி, மிதப்பதைத் தள்ளி, 12 மணி நேரம் ஊறவையுங்கள். நடுவில் ஒருமுறை நீரை மாற்ற வேண்டும். நன்றாக வடித்து, ஈரப் பருத்தித் துணியில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி மூடுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நீர் தெளித்துக் கிளறிவிடுங்கள். 36 முதல் 48 மணி நேரத்தில் முளை தானியத்தின் அளவுக்கு வரும், அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குமேல் விட்டால் மாவுச்சத்து கரையும், கசக்கும். உடனே மெல்லியதாகப் பரப்பி ஒரே நாளில் காயவைத்துவிடுங்கள். காய்ந்ததும் தேய்த்து வேரை உதறி, வாணலியில் இளஞ்சூட்டில் மணம் வரும்வரை மட்டும் வறுத்து அரைக்க வேண்டும்.

கெடுவது மூன்று இடங்களில். மூட்டையாகக் கட்டிவைத்தால் நடுவில் சூடேறி, கொழகொழத்து நாறும். மழைநாளில் முளைகட்டினால் காயாமல் பூஞ்சை பிடிக்கும். கறுப்போ பச்சையோ தெரிந்தால் அந்தத் தொகுதியை முழுதாகக் கொட்டுங்கள், பொறுக்கி எடுத்துப் பயன்படுத்த வேண்டாம், பூஞ்சை நஞ்சு வறுத்தாலும் போகாது. மூன்றாவது, முதலிலேயே வறுத்துவிட்டு ஊறவைப்பது. வறுத்த தானியம் முளைக்காது, நொதியும் இல்லை.

தீட்டிய அரிசியை இரவெல்லாம் ஊறவைப்பதில் பெரிய லாபம் எதிர்பார்க்காதீர்கள். அரிசியில் பைட்டேஸ் குறைவு, புழுங்கலில் அவிக்கும்போதே அது போய்விடுகிறது. இட்லி மாவு வேறு விஷயம். அங்கே உளுந்தின் நொதியும் புளிப்பிக்கும் கிருமிகளும் சேர்ந்து வேலை செய்கின்றன. ஆகவே வாரத்தில் இட்லி, தோசை நாட்களைக் குறைத்து உப்புமா நாட்களைக் கூட்டிவிடாதீர்கள்.

---

ஆய்வுக்கூடமேசை எழுதியது:

சாமை எண் பற்றி. 9.3 என்பது பழைய அட்டவணைகளிலிருந்து இணையத்தில் திரும்பத் திரும்ப நகலெடுக்கப்படுவது. 2017 அட்டவணையில் சாமைக்கு இரும்பு 1.26, துத்தநாகம் 1.82. புதியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை வித்தியாசம் ரக வேறுபாட்டால் மட்டும் வராது. இரும்பு அளப்பதில் மண்தூசிதான் முதல் எதிரி. களத்துமேட்டில் அடித்த சிறுதானியத்தில் ஒட்டியிருக்கும் செம்மண் துணுக்கே அளவை மடங்குகளில் உயர்த்திவிடும். அந்த இரும்பு உடம்புக்கு அநேகமாகப் பயன்படாது. ஆய்வகத்தில் இதைக் கண்டுபிடிக்க அதே மாதிரியில் அலுமினியத்தையும் அளப்போம். தானியத்துக்குள் அலுமினியம் மிகக் குறைவு. அது உயர்ந்திருந்தால் அந்த இரும்பு எண்ணை நம்புவதில்லை. அரைக்கும் எந்திரத்தின் எஃகுத் தகடு தேய்ந்தாலும் இரும்பும் குரோமியமும் கூடும். உமியோடு அளந்ததா, உமி நீக்கி அளந்ததா என்பதும் பல அட்டவணைகளில் தெளிவாக இல்லை. சாமை, குதிரைவாலியில் இது பெரிய வித்தியாசம் செய்யும்.

எண்களைப் படிக்கும்போது அலகைப் பாருங்கள். 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) என்றால் 100 கிராமுக்கு 1 மில்லிகிராம். "71 இரும்பு உள்ள கம்பு" என்று விற்பது தனசக்தி ரகம், அது கிலோவுக்கு 71 மில்லிகிராம், அதாவது 100 கிராமுக்கு 7.1. இதைப் பத்து மடங்காக்கி எழுதிய பதிவுகள் நிறைய.

---

விடுதிச்சமையல் எழுதியது:

மிகவும் நன்றி. கூழ் விஷயம் கண்ணைத் திறந்தது, எங்கள் சமையலறையிலும் கிண்டிய பிறகுதான் புளிக்கவைக்கிறார்கள். இரண்டு தொடர் கேள்விகள். இரும்புக்கும் இதே மாதிரி விகிதம் உண்டா? சோற்றோடு எலுமிச்சை பிழிந்துகொடுத்தால் போதுமா? அரிசியில் செறிவூட்டிய ரகம் வருகிறது, சில மணிகள் மிதக்கின்றன, பிளாஸ்டிக் என்று சமையல்காரர்கள் பொறுக்கி எறிகிறார்கள்.

---

தட்டும்தராசும் எழுதியது:

முளைப்பாரி சொன்னது சரி. கைக்குத்தல் பற்றி நான் எழுதியதைத் துத்தநாகக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இரும்புக்கு விகிதம் இன்னும் கடுமை. பைட்டேட்டுக்கும் இரும்புக்கும் உள்ள மோல் விகிதம் 1க்குக் கீழே, முடிந்தால் 0.4க்குக் கீழே வர வேண்டும். கேழ்வரகு 5.6, கம்பு 6.4, தீட்டிய அரிசி 35. முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும் 1க்குக் கீழே கொண்டுவருவது கடினம். அதனால் பைட்டேட்டை மீறி இரும்பைச் சேரவைக்க வைட்டமின் சி கட்டாயம். பைட்டேட் அதிகமுள்ள உணவில் இரும்பு ஒரு மோலுக்கு வைட்டமின் சி நான்கு மோல் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வேளையில் 5 மில்லிகிராம் இரும்பு இருந்தால் சுமார் 63 மில்லிகிராம் வைட்டமின் சி.

ஒரு எலுமிச்சையின் சாற்றில் 15 மில்லிகிராம் அளவுதான் இருக்கும். நான்கு பேருக்கு ஒரு பழம் பிழிந்தால் ஒன்றும் ஆகாது. கொய்யாவில் 100 கிராமுக்கு 200க்கு மேல் இருக்கிறது, அரைப் பழம் போதும். நெல்லிக்காயும் அப்படியே. கூழ், களி கொடுக்கும் வேளையிலேயே கொடுக்க வேண்டும், மாலைச் சிற்றுண்டிக்குக் கொடுத்தால் இதற்கு உதவாது. எலுமிச்சையைப் பயன்படுத்தினால் அடுப்பிலிருந்து இறக்கிய பின் பிழியுங்கள். புளி இதற்கு மாற்றாகாது, அதில் வைட்டமின் சி சொற்பம், இரும்பைப் பிடித்துவைக்கும் தானின் வேறு உண்டு.

கூழுக்குச் சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளும் வழக்கத்தை விடாதீர்கள். மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2010இல் வெளியிட்ட சோதனைக்கூட ஆய்வில், தானியத்தோடும் பருப்போடும் வெங்காயமோ பூண்டோ சேர்ந்தால் கரைந்து கிடைக்கும் இரும்பும் துத்தநாகமும் கூடுவதைக் காட்டியிருக்கிறார்கள்.

மிதக்கும் மணி பிளாஸ்டிக் அல்ல. அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து எந்திரத்தில் அரிசி வடிவில் பிழிந்தெடுத்தது. நூறு மணிக்கு ஒரு மணி வீதம் கலக்கிறார்கள். அடர்த்தி குறைவு என்பதால் சில மிதக்கும். பொறுக்கி எறிந்தால் செறிவூட்டியதன் பயன் முழுதும் போயிற்று. அரசு விதிப்படி கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு இருக்க வேண்டும். ஆகவே 400 கிராமில் 11 முதல் 17 மில்லிகிராம் கூடுதலாகக் கிடைக்கும். துத்தநாகம் அந்தக் கலவையில் கட்டாயமில்லை, சாக்கில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். தலசீமியா போன்ற ரத்த நோய் உள்ள மாணவி இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

---

நன்செய் எழுதியது:

நான்காவது கேள்வியை எல்லாரும் விட்டுவிட்டார்கள். மாங்கனீசுக்குக் கவலையே வேண்டாம், தானிய உணவில் தாராளமாக வரும். தாமிரமும் தானியம், பருப்பு, எள், கடலை சேர்ந்தால் சரியாகிவிடும். அயோடினுக்குத் தானியத்தை நம்பாதீர்கள், அயோடின் உப்புதான். கம்பை நாள்தோறும் கொடுப்பதென்றால் இது இன்னும் முக்கியம். கம்பில் தைராய்டு சுரப்பியின் வேலையைத் தடுக்கும் ஃபிளேவோன்கள் என்ற தாவரப் பொருட்கள் உண்டு. கம்பே முதன்மை உணவான சூடானின் டார்ஃபூரில் கழுத்துக் கழலை பரவலாக இருந்ததற்கு இதையும் ஒரு காரணமாகக் கண்டார்கள்.

செலினியத்துக்கு மட்டும் எந்த அட்டவணையும் உங்களுக்கு உதவாது. ஒரே ரகக் கோதுமையில் மண்ணைப் பொறுத்து அளவு நூறு மடங்குகூட மாறும். பஞ்சாபின் நவான்ஷஹர், ஹோஷியார்பூர் பகுதிகளில் சில ஊர் மண்ணில் செலினியம் மிஞ்சிப்போய்க் கால்நடைகளுக்குக் குளம்பும் கொம்பும் உதிர்ந்திருக்கின்றன. சீனாவின் கேஷான் வட்டாரத்திலோ மண்ணில் அது இல்லாமல் இதயத்தசை நோய் வந்தது. பின்லாந்து இதற்கு வயலிலேயே வழி கண்டது. 1984 முதல் நாடு முழுக்க உரத்தில் செலினிய உப்பான சோடியம் செலினேட்டைக் கலந்தார்கள். ஓரிரு ஆண்டுகளில் தானியத்திலும் பாலிலும் மக்களின் ரத்தத்திலும் செலினியம் உயர்ந்தது. விடுதி அளவில் செய்யக்கூடியது, தானியத்தை ஒரே ஊரிலிருந்து வாங்காமல் மாற்றி மாற்றி வாங்குவதும், முட்டையோ மீனோ சேர்ப்பதும்தான். நாள் தேவை 40 மைக்ரோகிராம்.

துத்தநாகத்துக்கும் மண் காரணம்தான். வயலில் தண்ணீர் தேங்கி நின்றால் துத்தநாகம் பயிருக்குக் கிடைப்பது குறையும், நெல்லில் அது குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் இடும் பரிந்துரை விளைச்சலுக்கானது. மணியில் துத்தநாகம் ஏற வேண்டுமென்றால் பூத்த பிறகும் பால்பிடிக்கும்போதும் 0.5 சதவீதக் கரைசலை இலையில் தெளிக்க வேண்டும், அதுவும் கோதுமையில் ஏறும் அளவுக்கு நெல்லில் ஏறாது. வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள், இல்லையென்றால் இலை கருகும். இரும்பை இப்படித் தெளித்து மணியில் ஏற்றுவது பெரும்பாலும் கைகூடுவதில்லை. விவசாயிகளிடம் நேராக வாங்குவதென்றால் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். டிஆர்ஆர் தான் 45 என்ற நெல்லில் தீட்டிய பிறகும் கிலோவுக்கு 22 மில்லிகிராமுக்கு மேல் துத்தநாகம் இருக்கிறது, சாதாரண அரிசியில் 12 அளவுதான்.

---

முளைப்பாரி எழுதியது:

நாள் முழுதுக்குமான துத்தநாக விகிதத்தையும் போட்டுப் பார்த்தேன், தானியம் மட்டும். 400 கிராம் அரிசிக்கு 22. 300 அரிசி, 100 கேழ்வரகு என்றால் 18. கேழ்வரகை முளைகட்டி அதன் பைட்டேட் பாதியானால் 15. முளைகட்டாமல் இரண்டு முட்டை சேர்த்தாலும் (சுமார் 1.2 மில்லிகிராம் துத்தநாகம், பைட்டேட் இல்லை) ஏறக்குறைய அதே 15. ஆள் பற்றாத நாளில் முட்டையை வைத்துக்கொள்ளுங்கள், முட்டை சாப்பிடாதவர்களுக்கு முளைகட்டிய மாவை ஒதுக்குங்கள்.

கம்புக்கு ஒரு எச்சரிக்கை. கம்பில் கொழுப்பும் அதை உடைக்கும் நொதியும் சேர்ந்து இருப்பதால் மாவு ஒரு வாரத்தில் கசந்துவிடும். மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக அரைக்காமல், மூன்று நாளுக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள். கசப்புக்குப் பயந்து வெளித்தோலை அதிகம் தீட்டிவிட்டால் இரும்பின் ஒரு பகுதி தவிட்டோடு போய்விடும். லேசாக நீர் தெளித்து இடித்து, உமியை மட்டும் புடைத்தால் போதும்.

---

விடுதிச்சமையல் எழுதியது:

வரும் திங்கள் முதல் பட்டியல் இப்படி: வாரம் மூன்று நாள் காலையில் முன்கூட்டிப் புளிக்கவைத்த கேழ்வரகுக் கூழ், சின்ன வெங்காயம், அரைக் கொய்யா. இரண்டு நாள் கம்பு தோசை, மாவு அன்றன்றைக்கு அரைத்தது. காபி பத்தரை மணிக்கு. கம்பு தோசைக்கு உளுந்து எவ்வளவு போடுவது?

---

முளைப்பாரி எழுதியது:

கம்பு நான்கு பங்குக்கு உளுந்து ஒரு பங்கு, வெந்தயம் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி. கம்பை 8 மணி நேரம் தனியாக ஊறவையுங்கள், உளுந்துக்கு 3 மணி நேரம் போதும். இரண்டையும் தனித்தனியே அரைத்துக் கலந்து 8 மணி நேரம் புளிக்கட்டும். அரிசி மாவைவிட வேகமாகப் பொங்கும், பாத்திரத்தில் பாதிக்குமேல் ஊற்றாதீர்கள். "அன்றன்றைக்கு அரைத்தது" என்பதை முந்தைய நாள் இரவு அரைத்தது என்று மாற்றிக்கொள்ளுங்கள். அரைத்த உடனே ஊற்றினால் பைட்டேட் அப்படியே இருக்கும்.